மெட்டில்டா அக்காவின் செவ்வாய்ச் சாப்பாடு

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது செய்தி வந்தது. எங்கள் தேவாலயப் பங்கின் சமையல் குழு வட்ஸ்அப்பில் ஒரே வரி: "மெட்டில்டா அக்கா காலையில எங்களை விட்டுப் போயிட்டாங்க." அதன் கீழே கூப்பிய கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. ஏறத் தோன்றவில்லை. அடுத்ததில்தான் ஏறினேன்.

அக்கா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விலைவாசி எல்லோரையும் மிதித்த காலத்தில், கோயில் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டைத் தொடங்கினார். பொட்டலம் கட்டிக் கொடுக்க விடவில்லை. மேசை, கதிரை, பீங்கான். நாங்கள்தான் பரிமாற வேண்டும்.

"சமையல் காஸுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. ஊரே கால் கடுக்க நிக்கிது. சோறு திங்கவாவது கதிரையில இருக்கட்டும்" என்பார். அவரோடு வேலை செய்த எங்களுக்கு அந்தக் குரல் இப்போதும் கேட்கும்.

அரிசி தந்தவர் வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தார். ஒரு செவ்வாய் வந்து, சாப்பிட வரும் தாய்மாருக்குத் தான் சோறு போடுவதுபோல் ஒரு படம் கேட்டார்.

"வேணாம் தம்பி. சாப்பிடுற ஆளைப் படம் பிடிக்கிறேல்ல."

"எனக்காகக் கேக்கல்ல அக்கா. வெளிநாட்டில கூட்டாளிமாருக்குக் காட்டினாத்தானே அவங்களும் தருவாங்க."

"அந்த முகத்தில கடவுளின்ட சாயல் இருக்கு. விளம்பரத்துக்குக் குடுக்கேலாது."

கடைக்காரர் போய்விட்டார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. திருச்சபையின் சமூகப் போதனை பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் அன்று கண்முன் நடந்ததாக நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் அரிசி வரவில்லை. சோற்றுக்குப் பதிலாக வெறும் பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் வைத்தோம். முகத்துவாரத்திலிருந்து பிள்ளைகளோடு நடந்து வரும் செல்வராணி பணிசைத் தொடவில்லை. காரணம் கேட்டாள். அக்கா சொன்னார்.

"படம் எடுக்கிறது யார்ட முகத்தை?"

"உங்கடதான்."

"எங்கட்டக் கேட்டீங்களா?"

செல்வராணி பீங்கானைத் தள்ளி வைத்தாள்.

"எங்கட மானத்தை நீங்க ஏன் அக்கா தூக்கிட்டுத் திரியிறீங்க? எங்களுக்குத் தூக்கத் தெரியாதா?"

அக்காவின் முகம் வெளிறியது. செல்வராணிக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்து இருந்தார். "கேக்கல்ல பிள்ள. பிழைதான். இப்ப கேக்கிறன். என்ன செய்வம்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். "படமெண்டா நான் சவரம் செஞ்சிட்டு வாறன்" என்றார் ஒரு கிழவர். "ஐயா, அப்ப உங்களை அடையாளம் தெரியாதே" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, செல்வராணிக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் பெண்கள் முடிவு சொன்னார்கள். பிள்ளைகள் படத்தில் வேண்டாம். விருப்பமான பெரியவர்கள் நிற்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரரும் அவர்களோடு மேசையில் இருந்து சாப்பிட வேண்டும்.

அக்கா அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தார். செல்வராணிக்கும் சவரம் செய்த கிழவருக்கும் நடுவே அவர் கூச்சத்தோடு சாப்பிட்டார். அவருடைய போனில் படத்தை எடுத்தது பக்கத்து மேசைப் பெண். வாய் நிறையச் சோறு. யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று அதில் தெரியாது. அதை அவர் யாருக்கும் அனுப்பினாரா, எனக்குத் தெரியாது. அரிசி வந்தது.

அதற்குப் பிறகு, சாப்பிட வருகிறவர்களைப் "பாவங்கள்" என்று சொல்வதை அக்கா விட்டுவிட்டார். பெயர் சொல்லித்தான் கதைப்பார்.

கடைசி வாரங்களில் அக்கா வீட்டில், கட்டிலோடு. மகள் கஞ்சியோடு மன்றாடினாள். "அம்மா, வாயைத் திறங்க. ஒரே ஒரு கரண்டி." அவர் வாயை இறுக்கிக்கொண்டார். அழுகை வந்ததும் மகள் கரண்டியைப் பார்க்கப் போயிருந்த என்னிடம் தந்துவிட்டு வெளியே போனாள்.

"அக்கா, வேணுமா?"

என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"வேணாம் பிள்ள."

வேணும் என்று சொல்வார் என நம்பித்தான் கேட்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் கை என் கைக்குள் இருந்தது, மகள் திரும்பி வரும்வரை.

மனித மாண்பு என்ற சொல்லை இனி மறையுரைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: யாருக்காகவும் முடிவெடுக்குமுன் அவரிடமே கேட்பது. கேட்டபின், வந்த பதிலை மாற்றாமல் வாங்கிக்கொள்வது. முதலாவது கொஞ்சம் பழகிவிட்டது. அந்த "வேணாம்" மட்டும் இன்னும் எனக்குள் இறங்கவில்லை.