சைதா பீவியின் குதிரைக்காரர்கள்

தட்டில் கண் எழுதும்போது சைதா பீவி மூச்சு விடமாட்டார். எழுதி முடித்த கையோடு யாரையாவது ஏசுவார். கரண்டு ஆபீசை, மாடிப்படியில் வெற்றிலை துப்பியவனை, அன்றைக்கு யார் அகப்பட்டாலும் சரி. "அடக்குன மூச்சு சும்மா போகலாமா? நாலு பேரத் திட்டிட்டுத்தான் போகணும்" என்பது அவர் கட்சி.

பசுந்தாங் பேட்டையில் மூன்றாம் மாடி வீடு. முன்னறையில் சாயக்குப்பிகள், பின்னால் துணிக்கொடிக்குக் கீழே ஒரு மின் உலை. வெள்ளைத் தட்டுகளை வாங்கிவந்து, மெருகின்மேல் படம் எழுதி, மறுபடி லேசாகச் சுட்டு எடுப்பது தொழில். தெருவே பர்மிய மொழியில் "மீ லாபீ!" என்று கூவினால் கரண்டு வந்துவிட்டது என்று பொருள். மற்றவர்கள் தண்ணீர் மோட்டாருக்கு ஓடுவார்கள். சைதா பீவி கைலியை இறுக்கிக்கொண்டு உலைக்கு ஓடுவார். பாதியில் கரண்டு போனால் சிவப்பு ஈரல் நிறமாகிவிடும். அன்று அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

டீக்கடையில் கோப்பை கழுவியவர். தட்டுப் பட்டறை ஒன்றில் பெருக்கப் போய், உடைசலைப் பொறுக்கி வந்து, அதிலிருந்த பூவைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். "எனக்கு வாத்தியாரு எவனுமில்ல, குப்பத்தொட்டிதான்" என்று மார்தட்டுவார். தட்டட்டுமே! இந்தக் கதையை எழுதும் என் கையும் நாலாம் வகுப்போடு நின்ற கைதான். அதுவே பசுந்தாங்கில் மூன்று கடையை எழுப்பியது. வேலை தெரிந்த கையை அது கண்டுகொள்ளும்.

சைதா பீவியை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடும் யாசர், தின்கன்ஜூன் பேட்டையில் புதிதாக டம்பவுக் கடை போட்டான். பிரியாணியை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். அவன்தான் போனில் ஒரு கிண்ணத்தின் படத்தைக் காட்டினான். எண்ணூறு வருடங்களுக்கு முன் ஈரானில் செய்தது. நீலக் குதிரைமேல் ஒருவன், சுற்றிலும் நிலா முகத்தோடு ஆட்கள், ஒவ்வொரு தலைக்குப் பின்னும் பொன் வட்டம். "லாத்தா, இதே மாதிரி தட்டு செஞ்சு குடுங்க. கடைச் சுவத்துல மாட்டணும்" என்றான். மழைக்காலம் முழுக்க எழுதினார். ஒருவன் முகம் இன்னொருவனுக்கு வராது. ஒரு குதிரைக்காரனுக்கு மட்டும் யாசரின் விடைத்த காதை வைத்துவிட்டார். அவன் இன்னும் கவனிக்கவில்லை.

திறப்புக்கு முதல்நாள் சைதா பீவி வந்து தட்டுகளை மாட்டி முடித்த வேளையில் யாசரின் மாமனார், அப்துல் பாரி ஹாஜியார், வந்தார். சுவரைப் பார்த்தார்.

"உருவத்த மாட்டி வச்சுக்கிட்டு இங்க எப்படி மாப்ள தொழுவுறது? கழுத்துல ஒரு கறுப்புக் கோடு இழு. உசுரில்லாததுன்னு ஆயிரும்."

பழைய வழக்கம்தான். அந்தக் காலத்துப் படங்களிலும் அப்படிக் கோடு இழுத்தவர்கள் உண்டு. யாசர் தலையைச் சொறிந்துகொண்டே மார்க்கர் பேனாவை எடுத்தான்.

"வைடா கீழ!" என்று அதட்டினார் சைதா பீவி.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"லாத்தா, மாமா சொல்றாங்க... சின்னக் கோடுதானே?"

"உங்க மாமா கழுத்துல இழுத்துப் பாரு, சின்னதா பெருசான்னு தெரியும்!"

"ஏம்மா, மார்க்கத்துல இல்லாததயா சொல்லிட்டேன்?" என்றார் ஹாஜியார்.

"மார்க்கம் எனக்கும் தெரியும் ஹாஜியாரே! சுவத்துல மாட்டச் சொன்னது யாரு? உங்க மருமவன். அன்னிக்கு ஈரான்ல இத எழுதுனவங்களும் தொழுதவங்கதான். சுவத்துலயா மாட்டுனாங்க? சோறு தின்னாங்க! மிதிபடுற பாயி, எச்சிபடுற தட்டு, அதுல இருக்குற உருவத்த யாரு கும்பிடப் போறா? மழ பூரா முதுகொடிய உக்காந்து ஒவ்வொருத்தனுக்கும் கண்ணு வச்சேன். குர்பானி ஆடு மாதிரி கழுத்தறுக்க வந்துட்டீங்க!"

வெங்காயப் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஹாஜியார் முகம் கறுத்தது.

"சாயம் பூசுன தட்டுல சோறு திங்கச் சொல்றியா?"

"ஈய வெசம் சேராத சாயம். வெல கூடன்னாலும் அதத்தான் வாங்குறேன். உங்க பேரனுக்கே போட்டுக் குடுக்கலாம்."

யாசர் பேனாவின் மூடியைத் திறக்கவுமில்லை, பேனாவைக் கீழே வைக்கவுமில்லை. மாமனாரைப் பார்த்தான், லாத்தாவைப் பார்த்தான். சைதா பீவி யாருக்கும் காத்திருக்கவில்லை. ஸ்டூலில் ஏறி ஆணியிலிருந்து ஒரு தட்டைக் கழற்றினார். தலைத்துணியின் நுனியால் துடைத்தார். ருசி பார்க்க இறக்கியிருந்த தேக்சாவைத் திறந்து, ஆவி பறக்க ஒரு கரண்டி டம்பவுக்கை அள்ளி, குதிரைக்காரனின் முகம் மறையத் தட்டின் நடுவில் குவித்து, ஹாஜியாருக்கு முன்னால் மேசையில் நகர்த்திவைத்தார்.