கன்னம் ஆறட்டும்

முதலில், படம் எடுத்துக்கொள்ள வந்தவரின் காதுமடலைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் கேமரா பக்கமே போகமாட்டார். "உக்காருங்க. அவசரமா வந்திருக்கீங்க" என்பார். படியேறி வந்தவர், வழியில் யாரிடமோ சண்டை போட்டு வந்தவர், அழுதுவிட்டு வந்த குழந்தை என்று எல்லாரும் அந்தக் காதுச் சோதனையில் அகப்பட்டுவிடுவார்கள். பிறவியிலேயே தோலில் சிவந்திருக்கும் குறி அழுதால் இன்னும் சிவக்கும். அப்படி எடுத்த படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் சிகிச்சை பலித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முகம் ஆறும்வரை அவர் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே துடைத்த விளக்குகள்தான்.

தோல் மருத்துவமனையின் மாடியில் அவருடைய அறை. முக்காலி ஒன்று, விளக்குகள் இரண்டு, கணினி, திரைச்சீலை, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. சுவர் சாம்பல் நிறம். அவர் உடுத்துவதும் சாம்பல் நிறம்தான். துறவு பூண்டுவிட்டாரோ என்று முதல் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. காரணம் தொழில். "நான் பச்சை போட்டுட்டு நின்னா அந்தப் பச்சை போய் உங்க கன்னத்துல உக்காரும். சேந்த புதுசுல ஒருநாள் மஞ்சள்ல வந்துட்டேன். அன்னிக்கு எடுத்த அத்தனை பேருக்கும் காமாலை!"

பெருக்க வருபவரிலிருந்து, ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்ட பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'போட்டோக்கா'. ஐம்பதைத் தாண்டியிருப்பார். கட்டைக் குரல். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதை மேசையெல்லாம் தேடுவார்.

இதற்கு முன் ஒரு ஸ்டுடியோவில் இருந்தார். அங்கே அவருக்குத் திருத்தும் வேலை. கல்யாணப் படங்களில் மச்சம், மரு, தழும்பு எது இருந்தாலும் துடைத்துவிட வேண்டும். "ஒரு மாப்பிள்ளைக்கு மூக்கு நுனியில இருந்த மச்சத்தை எடுத்துட்டேன். அவங்கம்மா ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து, யாரு இவன், என் புள்ளை எங்கன்னு கேட்டு ரகளை பண்ணிட்டாங்க. அங்க அழிக்கிறதுக்குச் சம்பளம். இங்க அப்படியே விட்டு வைக்கிறதுக்குச் சம்பளம்."

"இது போயிடுமா?" என்று கேட்காத தாய் அந்த அறைக்கு வந்ததில்லை. "அதெல்லாம் உள்ள கேளுங்கம்மா. நான் வெறும் போட்டோ" என்பதுதான் அவருடைய ஒரே பதில். ஆனால் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே காதில் நிறைய விழும். பிடரியில் வெளிர் சிவப்போடு ஒரு கைக்குழந்தை வந்தது. நெற்றியிலோ இமையிலோ இருந்தால் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் மங்கிவிடும். பிடரியில் இருப்பது தங்கினாலும் முடி மறைத்துவிடும். மருந்து வேண்டாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இன்னொரு குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு. பள்ளிக்கூட வயதுக்குள் தானாகவே கரைந்துவிடக்கூடியது. ஆனால் பகல்நேரக் காப்பகத்தில் அதைப் பார்த்தவர்கள், வீட்டில் அடிக்கிறார்களோ என்று விசாரித்துவிட்டார்களாம். அதற்காகவே அப்பா படம் எடுத்துப்போக வந்திருந்தார். போட்டோக்கா குழந்தையிடம் சிரிக்காமல் சொன்னார்: "எடுத்துட்டேன். இனிமே தைரியமா வளருங்க."

பால் கலந்த காபி நிறத்தில் ஒன்றிரண்டு திட்டு இருந்தால் கவலையில்லை. நிறைய இருந்தால் டாக்டர் உடம்பு முழுக்கப் பரிசோதிப்பார். முடியோடு கறுத்துப் பெரிதாக இருக்கும் பிறவி மச்சத்தைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்கள். வளர்ச்சியிலோ வடிவத்திலோ மாறுதல் தெரிந்தால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். போட்டோக்காவுக்கு முகங்கள் மறந்துவிடுகின்றன, குறிகள் மறப்பதில்லை. காய்கறிக் கடையில் முன்னால் நின்ற பெண்ணின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "ஓரம் மங்கியிருக்கே, நல்லது" என்று சொல்லி அவளைத் தூக்கிவாரிப்போட வைத்திருக்கிறார்.

நான் அங்கே போய்வந்தது அக்காவின் கைக்குழந்தைக்காக. அவனுக்கு இமைக்கு மேலே புடைத்த சிவப்பு. பிறந்தபோது கொசுக்கடி அளவுதான் இருந்ததாம். நான் ஊர் சுற்றி முடித்துத் திரும்பியபோது ஒரு பழுத்த பழமாகியிருந்தது. இந்த வகை முதல் மாதங்களில் விறுவிறுவென்று வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் மெல்ல வற்றும். வேறு இடத்தில் இருந்தால் சும்மா விட்டிருப்பார்கள். இமையை அழுத்திப் பார்வையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று, இதய நோய்க்குத் தரும் ஒரு மருந்தைக் குழந்தைக்கு ஏற்ற அளவில் சொட்டாகக் கொடுக்கிறார்கள். மாதம் ஒரு படம். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் சுவருக்குச் சுவர் நடப்பேன். "உன் சித்திக்குக் கால்ல சக்கரம்டா" என்று அவனிடம் சொல்வார் போட்டோக்கா. "நின்னா துரு பிடிச்சிடுமாம்."

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் அம்மாவும். சிறுமியின் இடது கன்னம் முழுக்க, தாடை வரைக்கும், திராட்சைச் சாற்றைக் கொட்டியது போன்ற பிறவிச் சிவப்பு, அன்றைக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. தட்டையானது, தானாகப் போகாதது. விட்டால் வயதாக ஆகத் தடிக்கும். இதற்கு லேசர்தான். அதுவும் ஒரு தடவையில் முடியாது, பல தடவை. குறி கண்வரை பரவவில்லை என்பதை முன்பே பரிசோதித்துவிட்டார்கள். ஐந்து தடவை சுட்டாகிவிட்டது. போனமுறை டாக்டர், "அடுத்த படத்துலயும் மாற்றம் தெரியலைன்னா நிறுத்திடலாம். சும்மா குழந்தையை நோகடிக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். இதை அந்த அம்மாவே பெஞ்சில் என்னிடம் சொன்னார். சொல்லும்போது கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

காது ஆறியிருந்தது. முக்காலியில் ஏற்றியாயிற்று. கன்னத்துக்குப் பக்கத்தில் நிறம் ஒப்பிடும் அட்டையைப் பிடித்தாயிற்று. போட்டோக்கா கேமராவில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை.

"கன்னத்துல என்ன பூசியிருக்கு?"

"வெயில்ல வந்தோம்ல… கிரீம்."

"வெயில் கிரீம் இந்தக் கலர்ல வராதே."

மகள் சொன்னாள். "பஸ்ல பூசினாங்க. ஆடாம இருடீன்னு சொன்னாங்க. பஸ்தான் ஆடிச்சு."

போட்டோக்கா பஞ்சை நனைத்து எடுத்து வந்தார். மெதுவாகத்தான் துடைத்தார். ஆனாலும் அழுத்திப் பூசிய பூச்சு. அது முழுசாக வருவதற்குள் கன்னம் கன்றிவிட்டது. காதைத் தொட்டுப் பார்த்தார். "போச்சு. மறுபடி ஆறணும்" என்று விளக்குகளை அணைத்தார்.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் குரல் உயர்ந்தது. "உங்களுக்கென்ன, ஒரு பட்டனைத் தட்டுறீங்க. அஞ்சு தடவையும் இவளை அமுக்கிப் பிடிச்சது நான். நிறுத்திட்டா இந்த முகத்தோட பள்ளிக்கூடம் போவா. எங்க மாமியார் இப்பவே, வயித்துல இருக்கும்போது நீ என்னத்தைத் தின்னியோன்னு கேக்குறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"தின்னதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு டாக்டரே சொல்லியிருப்பார். அப்புறம், உங்க மாமியாரை நான் படம் எடுக்கலை."

"ஒரே ஒரு படம்தானே அக்கா…"

"அந்த ஒரு படத்தைப் பாத்துத்தான் அடுத்த தடவை எங்க சுடணும், எவ்வளவு சுடணும்னு அவர் முடிவு பண்ணுவார். பூச்சைப் பாத்து முடிவு பண்ணா சூடு விழறது இவ கன்னத்துல." குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறுமி என் தோளிலிருந்த குழந்தையை எட்டிப் பார்த்தாள்.

"தம்பிக்கும் லேசரா?"

"இல்லை, சொட்டு மருந்து" என்றேன்.

"அதிர்ஷ்டக்காரன். லேசர் ரப்பர் பேண்டால அடிச்ச மாதிரி இருக்கும்." யோசித்துவிட்டுத் திருத்தினாள். "ரப்பர் பேண்டைச் சூடாக்கி அடிச்ச மாதிரி."

"வாயை மூடு வாயாடி. பேசினா கன்னம் ஆறாது" என்றார் போட்டோக்கா.

"கன்னத்துக்குக் காது கேக்குமா?"

போட்டோக்கா விளக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆறியபிறகு மூன்று கோணத்தில் எடுத்தார். சிரிக்கக் கூடாது, சிரித்தால் கன்னம் மேலேறிக் குறியின் ஓரம் நகர்ந்துவிடும். சிரிக்காதே என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் காத்திருந்தார்.

டாக்டரே எழுந்து வந்தார். கணினியில் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ஒளி, ஒரே தூரம், அதே சாம்பல் சுவர். அம்மா திரையைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுக் கன்னம் பிடிவாதம் பிடிக்குது" என்றார் டாக்டர். "அந்த இடம் பொதுவா அப்படித்தான். ஆனா தாடைப் பக்கம் லேசருக்கு நல்லா கேட்டிருக்கு, பாருங்க. நிறுத்த வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டு, நடுவுக்கு மட்டும் வேற அளவு வச்சுப் பாக்கலாம். முழுசா போயிடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். மங்கும்." மகளின் தலையைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

காலையில் பஸ்ஸில் பூசிய பூச்சு, வெளுத்த தாடைக்கும் வெளுக்காத கன்னத்துக்கும் சேர்த்துப் பூசியது. அப்படியே எடுத்திருந்தால் இரண்டும் ஒரே நிறமாகத்தான் விழுந்திருக்கும்.

அந்த அம்மா இன்னும் திரைக்கு முன்னால் நின்றார். முகத்தில் தெளிவில்லை. நிறுத்தவில்லை என்பது புரிந்தது. மற்றது புரியவில்லை போலிருந்தது.

"எங்க கேட்டிருக்கு? தினம் குளிப்பாட்டுறேன், தலை வாருறேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே. சிவப்புதான் தெரியுது."

போட்டோக்கா திரையைக் காட்டவில்லை. எழுத்துப் பழகும் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல அந்த அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். சிறுமியின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். மோவாயில் அந்த விரலை வைத்து, தாடை எலும்பின் வழியே, இப்போது சிவப்பு இல்லாத இடமெல்லாம், நிறுத்தி நிறுத்தி நகர்த்திக்கொண்டு போனார்.