எண்ணெய் ஸ்டெல்லா

பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." மறுநாள் பெட்டியில் அவளைப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயதிலும் இடுப்பைத் தொடும் பின்னல். வாரத்தில் ஐந்து நாள் குளோரின் தண்ணீரில் ஊறிய தலை அது என்று வெளியாள் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அழுகையோடு பெருமையும் வந்தது. மறைப்பானேன்?

நெய்வேலியில் பெண்களுக்கென்று மாலையில் ஒரு மணி நேரம் நீச்சல் குளத்தைத் திறந்துவிட்ட புதிதில் கூட்டம் அலைமோதியது. இரண்டே மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். காரணம் முடி. சீப்பு இறங்காது, நுனி வெளுத்துவிடும், கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். என் மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: "முடியப் பாத்தா கேணிக் கயிறாட்டம் இருக்குது. குளத்துல வுழுந்து எழுந்துகினு வர்றதுக்குப் பேசாம வூட்டுல இருக்கலாம்." பத்துப் பேருக்குக் கீழே குறைந்தால் அந்த ஒரு மணி நேரத்தை ஆண்களுக்கே கொடுத்துவிடுவதாகக் குளத்துப் பொறுப்பாளர் சொன்னார். நாங்கள் பதினொரு பேர் மிச்சம்.

ஸ்டெல்லாவுக்குத் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் ஷிப்ட் வேலை. தண்ணீரைப் பற்றி அவளிடம் யாரும் கதை விட முடியாது. ஒருநாள் பக்கெட்டும் சொம்புமாக வந்து, எங்களை வரிசையாக உட்காரவைத்துத் தலையில் நல்ல தண்ணீரை ஊற்றினாள். "வயிறு முட்டச் சாப்புட்டு வந்தவன் பந்தியில எவ்ளோ தின்னுடுவான்? முடியும் அப்படித்தான்டி. நல்ல தண்ணியக் குடிச்சிட்டுப் போனா மருந்துத் தண்ணியக் குடிக்காது." பிறகு நுனிக்கு மட்டும் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய், மேலே தொப்பி. கரையேறியதும் உடனே அலசல். வாரம் ஒருமுறை வடித்த கஞ்சியில் கரைத்த சீயக்காய். அவ்வளவுதான் அவள் வைத்தியம்.

அடுத்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். அவள் வைத்தியத்தைக் கேள்விப்பட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டுப்போனாள். நான் என்ன செய்தேன்? நாலு சொட்டு யாருக்குப் போதும் என்று நினைத்து, "நல்லா எண்ணெய் வச்சிட்டு வாங்க" என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன். நம் பெண்களிடம் அப்படிச் சொன்னால் கேட்கவா வேண்டும்? தீபாவளிக்குக் குளிக்கப் போவதுபோல நெற்றியில் வழிய வழிய வந்து இறங்கினார்கள். அரை மணியில் குளம் முழுக்க எண்ணெய் மினுமினுத்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டது. பெண்கள் நேரம் ரத்து என்று காகிதம் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் பொறுப்பாளர் எல்லோரையும் நிற்கவைத்து, "எண்ணெய் வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். வேலைக்குப் போகும் வழியில் யூனிபாரத்தோடு வந்திருந்த ஸ்டெல்லா முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் சார் சொன்னேன். தப்புதான். மெதக்கறத நாங்களே எடுத்துத் தர்றோம். ஆனா ஒண்ணு சார், தலைய நனைக்க வாசல்ல ஒரு கொழா இல்லாம எங்கள உள்ள வுட்டது உங்க தப்பு. ரெண்டு கொழா போட்டுக் குடுங்க."

மூன்று நாள் பழைய பருத்திப் புடவைகளைத் தண்ணீர்மேல் விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தோம். நான்காம் நாள் குளம் திறந்தது. இரண்டு குழாய்களும் வந்தன.

ஏன் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று அவளிடம் கேட்டேன். "உன் பேரு வெளிய வந்தா உங்க மாமியா அன்னிக்கே உன்ன நிறுத்திடுவாங்க. என்ன நிறுத்தறதுக்கு யாரு இருக்காங்க?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு 'எண்ணெய் ஸ்டெல்லா' என்று பட்டம். கேலி செய்தவர்களுக்கெல்லாம், "நாலு சொட்டுதான்டி, நாலு சொட்டு" என்று விரலைக் காட்டுவாள். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று சேத்தியாத்தோப்பிலிருந்துகூட பஸ் பிடித்துப் பெண்கள் வருகிறார்கள். ஒரு மணி நேரம் போதாமல் இரண்டாக்கியிருக்கிறார்கள். முடி போய்விடும் என்று இப்போது யாரும் நிற்பதில்லை. இத்தனையும் அவள் நின்ற நிற்பில் வந்தது. அவளுடைய தோழி என்று சொல்லிக்கொள்வதைவிடப் பெரிய பெருமை எனக்கில்லை.

குளத்துத் தோழிகளே, கல்லறையிலிருந்து திரும்பும்போது உங்களில் ஒருத்தி, "பாவம், எண்ணெய் ஸ்டெல்லா" என்றாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். ஸ்டெல்லாவின் நினைவாக நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தப் பட்டத்தைத்தான். அது நியாயப்படி என்னுடையது. நாளை மாலை குளத்துக்கு வருவேன். எல்லோர் காதிலும் விழும்படி என்னை 'எண்ணெய் சுமதி' என்று கூப்பிடுங்கள்.