ஏழாம் நம்பர் மலைக்குப் போகலாமா?

குருவிகளைப் பற்றி இந்தப் பத்தியில் இரண்டு வாரம் தொடர்ந்து எழுதினால் ஒரு மனுஷன் என்ன ஆவான்? நிபுணர் ஆகிவிடுவான்!

போன வாரம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை டீச்சர் போன் பண்ணினார். "சேர், புள்ளைங்கள ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிட்டுப் போறோம். இயற்கையப் பத்தி ஏதாச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

பதுளையில் என் வீட்டு வாசலுக்கு வரும் குருவிகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? புதுத் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முதல் கேள்வி. "சேர், இது எத்தனாம் நம்பர் மலை?"

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. இதற்கு நம்பரே இல்லை என்றேன்.

"அப்ப காலையில எங்க வேலைக்குப் போறதுன்னு ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?"

இது அரசாங்கக் காடு, இங்கே யாருக்கும் வேலை இல்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

அடுத்து, மட்டமாக ஒரே உயரத்தில் நின்ற காட்டு மரங்களைக் காட்டி ஒருத்தி கேட்டாள்: "இதுக்கெல்லாம் யாரு சேர் கவ்வாத்து வெட்டுறது?" தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவதுதானே கவ்வாத்து? "காத்து" என்றேன். சொன்ன எனக்கே சந்தேகமாக இருந்தது...

பிறகு சிறுத்தைப் படம் போட்ட ஒரு பலகை. தோட்டத்தில் அதற்கும் பெயர் புலிதான். ஏழாம் வகுப்புக் கவிதா கையைத் தூக்கினாள். மற்றவர்கள் மாதிரி அவள் சிரிக்கவில்லை.

"சேர், புலி ஆள அடிக்குமா?"

எப்போதோ படித்தது கைகொடுத்தது. "அது கூச்சப்படுற மிருகம்மா. நம்மளக் கண்டா அதுதான் மொதல்ல ஓடும்." கவிதா அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் பஸ் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கீழே நின்றது. ஓடிப்போன கவிதா, அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, புள்ள கொப்பியக் காட்டுச்சு. முந்தாநாள் ஏழாம் நம்பர் மலையில புலி நின்னுச்சுங்க. நாளைக்கு எங்களுக்குக் கொழுந்து பறிக்கிறது அங்கதான். அது தானா ஓடிரும்னு நீங்க சொன்னீங்களாம்ல... போகலாங்களா?"

தொப்பியைக் கழற்றினேன். போங்க என்று சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால்? போகாதீங்க என்றால், பிள்ளையின் கொப்பியில் இருப்பது பொய்யா? ஒருவேளை அது குட்டியோடு இருந்தால், அப்போதும் கூச்சப்படுமா? உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "கங்காணிகிட்டச் சொல்லிப் பாருங்க."

"சொல்லியாச்சுங்க" என்றார் அம்மா. "சரி, தகரத்தத் தட்டிக்கிட்டே போறோம்."

கவிதா கொப்பியைத் திறந்தாள். "சேர், அப்ப இதுல எத எழுதட்டும்?"

டிரைவர் ஹார்ன் அடித்தார். நல்ல மனுஷன்.

மறுநாள் பகலுக்குள் டீச்சருக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்றாவது தடவை அலுத்துக்கொண்டார். "சேர், எல்லாரும் கொழுந்து நிறுக்க வந்துட்டாங்க. புலி வரவே இல்ல!"

வராததற்குக் காரணம் கூச்சமா, தகரமா? இன்னும் குழப்பம்தான்.

தொப்பி புதுசு. யாருக்காவது வேண்டுமா?