செவ்வந்திப் பூக்கொத்து யாருக்கு?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் சின்யோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். கலியாணம் கட்டி அர்ஜென்டினாவுக்குப் போய், வயதான காலத்தில் தனியாகத் திரும்பி வந்த மனுசி அவர்.

ஒவ்வொரு கிழமையும் அவருடைய மகனின் சட்டைகளைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, அலுமாரியில் கொழுவ வேண்டும். மேசையில் நீளத் தலைமயிரோடு அவன் படம் இருந்தது. ஆள் வந்ததில்லை, போன் எடுத்ததுமில்லை. தூரத்தில் இருக்கிறான் என்பார் சின்யோரா. பெற்ற தாயைத் திரும்பிப் பாராதவனுக்குச் சட்டை ஒரு கேடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் அயர்ன் பண்ணுவேன்.

என் தலையிடி வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போன என் கணவரைப் பற்றி வருடக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. நான் பொட்டும் தாலியுமாகத்தான் திரிந்தேன். இருந்தது அவரின் தங்கை வீட்டில். அன்று காலை வேலைக்குப் புறப்படும்போது அவள் வாசலில் மறித்தாள்.

“எத்தினை காலத்துக்கு மச்சாள் இப்பிடி இருக்கப் போறியள்? ஊரிலை சொல்லி அந்தியேட்டியைச் செய்விப்பம். அண்ணான்ரை ஆத்மா எண்டாலும் சாந்தியடையட்டும். பின்னேரம் வந்து ஒரு முடிவைச் சொல்லுங்கோ.”

அந்தியேட்டி செத்தவருக்குச் செய்கிற கிரியை. அதைச் செய்தால் நான் பொட்டை அழிக்க வேண்டும். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தமையனுக்காக அழுது களைத்துப் போயிருந்தாள். அதனால்தான் எனக்குக் கோபிக்கவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்று சின்யோராவின் மகனுக்குப் பிறந்தநாள். அக்டோபர் கடைசி என்பதால் சந்தை முழுக்கச் செவ்வந்தி. ஊரில் சாமிக்கு வைக்கிற அதே மஞ்சள் பூ. பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு கொத்து வாங்கிவந்து ஜாடியில் போட்டு, மகனின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

சின்யோரா அறைக்குள் வந்தவர் அப்படியே நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார். “ஆர் சொன்னது உனக்கு, அவன் செத்துப்போனான் எண்டு?” என்று கத்தினார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வேலை போய்விட்டது என்று மட்டும் நினைத்தேன்.

கொஞ்சம் ஆறியபிறகுதான் விசயத்தைச் சொன்னார். இத்தாலியில் செவ்வந்தி கல்லறைக்கு மட்டும் வைக்கிற பூ. இறந்தவர்களின் நாள் நெருங்குவதால்தான் சந்தை அப்படி நிறைந்திருந்தது. மகன் தூரத்திலும் இல்லை. அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த காலத்தில், படித்துக்கொண்டிருந்த பிள்ளையை வீட்டுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு போனவர்கள், பிறகு அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

“கொண்டுபோனவங்கள் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பூ வைக்க மாட்டன்.”

என் அரைகுறை இத்தாலியனில் என் கணவரைப் பற்றிச் சொன்னேன். நெற்றியைத் தொட்டுக் காட்டி, பொட்டை அழிக்கச் சொல்கிறார்கள் என்றேன். சின்யோரா என் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கவும் சொல்லவில்லை, வைத்திருக்கவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் கோப்பி போட்டார்.

வேலை முடிந்து போகும்போது, பூவை எறிய மனம் வராமல் கையோடு கொண்டுபோனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த இத்தாலியப் பெண் பூவைப் பார்த்துவிட்டு என் கையை மெதுவாகப் பிடித்தாள்.

“புருசனுக்கா?” என்று கேட்டாள்.

ஓம் என்றால் அவர் செத்துவிடுவார் போல இருந்தது. இல்லை என்றால் அவர் எங்கே என்று எனக்கே தெரியாது. பூக்கொத்தை மடியில் சரித்து வைத்துக்கொண்டு, என் தரிப்பு வந்ததும் இறங்கினேன்.

வீட்டுக்குப் போய்ப் பூவைப் பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டு, “அந்தியேட்டி வேண்டாம் மச்சாள்” என்றேன். அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. அண்ணனின் ஆத்மாவை அலையவிடுகிறேன் என்று இன்றைக்கும் அவளுக்கு என்னில் மனத்தாங்கல். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைக்க விரலை உயர்த்தும்போது, பஸ்ஸில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு, கொண்டுபோனவர்கள் இன்னும் வந்து சொல்லவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.