விரலில் ஏறிய எதிர்ச்சொற்கள்

எந்த இங்கிலீஷ் சொல்லைச் சொன்னாலும், சொன்னவர் வாயை மூடுவதற்குள் எதிர்ச்சொல்லைச் சொல்லிவிடுவாள் நகரி கல்பனா. டிக்‌ஷனரி எழுதியவர்களே அவளிடம் சந்தேகம் கேட்டு வருவார்கள். சரி, டிக்‌ஷனரிக்காரர்கள் வந்தது கொஞ்சம் ஊதிச் சொன்னது. வாயால் சொன்னாள் என்பதும் அப்படித்தான். அவள் விரலால் சொன்னாள்.

கல்பனா ஆந்திர எல்லையில் நகரி ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவள். தறிகள் மொத்தமாக அடிக்கும் கூடத்தில் பேச்சு எடுபடாது. நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாமே கைஜாடைதான். அந்த இரைச்சலில் நின்று நின்று வலது காது மந்தமாகிவிட்டது. கூடத்தை விடாவிட்டால் இடது காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுத்தது. பரீட்சையில் பாதி இங்கிலீஷ்.

பக்கத்துத் தறி பத்மினியும் சேர்ந்து படித்தாள். தறி ஓட ஓடத்தான் படிப்பு. ஒருத்தி உதட்டசைவில் சொல்லைக் காட்டுவாள், மற்றவள் கையால் எதிர்ச்சொல்லைக் காட்டுவாள். ‘ஸ்கேர்ஸ்’, அதாவது அரிது, அதற்கு ஜாடை ஒரு சிட்டிகை. அதன் எதிர்ச்சொல் ‘அபண்டண்ட்’, ஏராளம், அதற்கு இரண்டு கையும் விரியும். ‘ரிஜிட்’ விறைத்த விரல், ‘ஃப்ளெக்சிபிள்’ வளைந்தாடும் விரல்.

பரீட்சை அறையில் பத்மினிக்குப் பின்வரிசை. திரையில் ‘ரிஜிட்’ வந்ததும் கல்பனாவின் இடது கை தானாக எழுந்து விரலை விறைத்தது, வளைத்தது. விடை கிடைத்துவிட்டது. அடுத்த சொல், அதற்கடுத்த சொல், எல்லாம் அப்படியே. நிமிர்ந்தால் மேற்பார்வையாளர் எதிரே நிற்கிறார், முகம் கடுகடுவென்று.

“ஏமம்மா, எவரிகி சைகலு?” யாருக்கு ஜாடை என்று தெலுங்கில் அதட்டினார்.

“யாருக்கும் இல்ல சார். கை ஆடுனாதான் எனக்கு அர்த்தம் வரும்.”

அவர் பின்வரிசையைப் பார்த்தார். பத்மினி இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்கச் சிரிப்பு. மேற்பார்வையாளர் தமிழுக்கு மாறிக் கத்தினார்.

“ரெண்டு பேரும் கையை டேபிள் மேலயே வையுங்க. தூக்கினா வெளியே!”

கல்பனா இடது கையை மேஜையில் அழுத்திக்கொண்டாள். ‘ஓபேக்’ வந்தது, ஒளி புகாதது. முந்தாநாள்கூடக் காட்டிய சொல். எதிர்ச்சொல் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. நேரம் முடிந்தபோது கடைசிப் பக்கம் காலியாகக் கிடந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கல்பனா பொருமினாள். “இன்னா ஆத்திரம் பாரு அந்த ஆளுக்கு. எடுத்தவுடனே எதுக்க வந்து கத்தறாரு. அவராலதான் எல்லாம் போச்சு.”

பத்மினி கல்பனாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“எடுத்தவுடனே கத்தலக்கா. மொதல்ல பக்கத்துல நின்னுகினு நல்லவிதமாதான் கூப்ட்டாரு. ரொம்ப நேரம் கூப்ட்டுகினே இருந்தாரு. நீ திரும்பவே இல்ல.”

“வலது பக்கம் நின்னிருப்பாரு.”

“இல்லக்கா. இடது பக்கந்தான் நின்னாரு.”