உப்பைக் கொட்டிச் செய்த மழை

போன வாரம் ஒரு கல்யாணப் பெண் போன் செய்தாள். பாண்டிச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் அவளுடைய வீடியோவுக்கு எடிட்டிங் நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக மரக்காணம் உப்பளத்தில் போய் நின்று எடுத்த காட்சிகள். சிவப்புப் புடவை, வெள்ளை உப்பு, பின்னால் கண் கூசும் வானம். "அக்கா, அந்த உப்பளம் சீனுக்கு மழைச் சத்தம் வச்சுடுங்க, சூப்பரா இருக்கும்" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அந்த சீனை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்தேன்.

கம்ப்யூட்டரில் மழைச் சத்தம் நாற்பது வகை வைத்திருக்கிறேன். தகரத்தில் பெய்வது, இலையில் பெய்வது, காருக்குள் உட்கார்ந்து கேட்பது. ஒன்றில்கூட உப்பு இல்லை. என்ன உளறுகிறாள் என்று பார்க்காதீர்கள், சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், என் பேச்சே அப்படி.

நான் பதினோராம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஊடகப் பாடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் ரேடியோ, பிறகு மியூசிக் வீடியோ. அதற்காக வந்த சார், டிவியில் பாட்டைப் போட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வார். ஆடுகிறவர்கள் எல்லாம் வயிற்றுவலி வந்தவர்கள் மாதிரி நெளிவார்கள். நாங்கள் சிரித்து முடித்ததும் படத்தை மறைத்துச் சத்தத்தை மட்டும் வைப்பார். "கண்ணு சந்தேகப்படும்பா, காது உடனே நம்பிடும்" என்பார். அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். பரீட்சையில் கேட்பார்கள் என்றுதான்.

வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம் ஸ்டெல்லாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிறவள். குரல் என்றால் அதுதான் குரல். என் அப்பா பேருந்து நடத்துநர். எனக்கு வாய்த்தது அவர் குரல். ஆகவே மைக் அவளுக்கு, பதிவும் வெட்டு ஒட்டு வேலையும் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா லூர்து அத்தை உப்பளத்துப் பாத்திகளில் உப்பு வாருகிறவர். பத்தாவதோடு மகளையும் உப்பளத்துக்குக் கூட்டி வரச் சொன்னவர்களிடம், "எனக்கு வேல இருக்குற வரைக்கும் அவ படிப்பா" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் படிப்பும் போகும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ரேடியோவுக்கு ஆறு நிமிட நிகழ்ச்சி செய்தோம், உப்பளத்தில் ஒரு நாள் என்று. கடைசியில் மழை வரவேண்டும் என்றாள் ஸ்டெல்லா. உப்பெடுக்கிற மாதங்களில் அங்கே யாரும் மழை என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்களாம். மேகம் கூடினால் "மேல ஆளு வருது" என்பார்களாம். உடனே ஓடிப்போய் உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூடுவார்கள். உப்பளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்த எனக்கு இது நல்ல சரக்காகத் தோன்றியது.

சத்தத்துக்கு அரிசியை முறத்தில் கொட்டிப் பார்த்தோம், சரிவரவில்லை. மறுநாள் ஸ்டெல்லா டிபன் பாக்ஸ் நிறையக் கல்லுப்பு கொண்டுவந்தாள். பிஸ்கட் டின் மூடியில் அவள் மேலேயிருந்து மெல்லக் கொட்ட, நான் போனைப் பக்கத்தில் பிடித்தேன். முதலில் தனித்தனித் துளி, பிறகு சரசரவென்று. ஹெட்போனில் கேட்டபோது நானே ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். மிச்ச உப்பை ஜன்னல் வழியாக வெளியே வீசினோம். அதைப் பார்த்த பள்ளிக்கூட ஆயாம்மா, "காலு படுற எடத்துல உப்பக் கொட்டாதீங்கடி" என்றார். நாங்கள் சிரித்தோம்.

மியூசிக் வீடியோவுக்கும் அதே மழையை முன்னால் வைத்து, ஸ்டெல்லா எழுதிப் பாடிய பாட்டைப் பின்னால் ஒட்டினோம். படம் பிடிக்கும்போது பாட்டை ஸ்பீக்கரில் அலறவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும், அதுதான் முறை. உப்பளத்தில் எடுக்கக் குத்தகைக்காரரிடம் லூர்து அத்தைதான் பேசி அனுமதி வாங்கினார். ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. விடிவதற்கு முன் வந்த பெண்கள் வாரி முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கொட்டாயில் படுத்திருந்தார்கள். நான் வரப்பில் ஸ்பீக்கரை வைத்துப் பட்டனை அழுத்தினேன்.

ஏழெட்டுப் பெண்கள் கூந்தல் அவிழ ஓடிவந்தார்கள், கையில் கீற்றோடு. உச்சி வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குவியலில் பாதியை மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு அம்மாள் மட்டும், "இல்லாதத கூப்புடாதீங்கம்மா, வந்துடும்" என்றார். அத்தை சிரித்துச் சமாளித்தார். மகள் செய்த சத்தம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

எடுத்த படம் முழுக்க வெளுத்துப்போயிருந்தது, என் கைவண்ணம். அடுத்த சனிக்கிழமை இதே நேரத்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை நான் ஸ்பீக்கருக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். அது ஏறும்வரை நானும் ஸ்டெல்லாவும் எங்கள் வீட்டில் காத்திருந்தோம். உப்பளத்தில் கொட்டாயின் வாசல் கிழக்கே கடலைப் பார்த்தது. மேகம் மேற்கே பெருமுக்கல் பக்கமிருந்து வந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை. தூரத்துப் பாத்திகளில் சரசரவென்று கேட்டதும் பெண்கள் எழுந்திருக்கிறார்கள். அத்தை புரண்டு படுத்தபடி, "படுங்கடி, என் பொண்ணுதான் மழ பேய வைக்கிறா" என்றாராம். அந்த வருடம் அங்கே அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

கூரை ஒழுகி முகத்தில் பட்ட பிறகு ஓடியிருக்கிறார்கள். நாங்கள் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஒரு வாரத்து உப்பு பாதிக்கு மேல் கரைந்து வரப்போரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் கையிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை குத்தகைக்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "தூங்கிட்டு கத சொல்றாங்க சார். நெஜத்துக்கும் புள்ளைங்க வெளையாட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்தச் சத்தத்தப் போடுங்க, நானும் கேக்குறேன்" என்றார். சார் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. ஒரு தடவை கேட்டால் அவரே ஏமாந்துவிடுவார், அம்மா சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துவிடும் என நம்பியிருந்தாள்.

நான் ஞாயிற்றுக்கிழமையே அதை அழித்துவிட்டிருந்தேன். போலீஸ் வரும், டிசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, போனிலும் மெமரி கார்டிலும் இருந்த அத்தனையையும் துடைத்துவிட்டேன். நிகழ்ச்சி, பாட்டு, மழை, எல்லாம்.

"கார்டு கெட்டுப்போச்சு சார்" என்றேன்.

"இப்பவே செஞ்சு காட்டுறேன் சார், உப்பு இருந்தா போதும்" என்றாள் ஸ்டெல்லா. "உப்பக் கொட்டி மழையாம்மா?" என்று குத்தகைக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

அன்றோடு அத்தைக்கு வேலை போனது. பக்கத்து உப்பளங்களிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. தூங்கியதைக்கூட மன்னித்திருப்பார்கள், அந்தச் சொல்லைச் சொன்னதைத்தான் மன்னிக்கவில்லை. காலாண்டுப் பரீட்சைக்கு ஸ்டெல்லா வரவில்லை. பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

ஊடகப் பாடத்தை அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். நாங்கள் பதிவு செய்த அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. கொட்டாய் இருந்த இடத்தில்தான் ஜோடிகள் படம் எடுக்கிறார்கள். கல்யாணப் பெண்ணின் சிவப்புப் புடவைக்குப் பின்னால் அந்த வரப்பு தெரிகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டெல்லாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அத்தை இறந்துவிட்டதை அப்போதுதான் சொன்னாள். பிறகு, "அந்த கார்டு சரியாவவே இல்லையாடி? அம்மா கடைசி வரைக்கும் கேட்டுச்சு, ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுன்னு" என்றாள்.

"இல்லடி" என்றேன். உங்களைத் தவிர யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

கல்யாணப் பெண்ணின் வீடியோவுக்கு மழைச் சத்தம் வைத்து நேற்று அனுப்பிவிட்டேன். நாற்பதில் ஒன்று. அதைக் கேட்டு யாரும் எழுந்து ஓட மாட்டார்கள்.